போடிமெட்டா, மேகமலையா, குமுளியா? நம் கரையிலிருந்து ஒரே நாள் மலைப் பயணம்

நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்தில் மலை என்று பெயர் சொல்ல இருப்பது ராமேஸ்வரத்துக் கந்தமாதன பர்வதம் ஒன்றுதான். அதுவும் மணல்மேடு. மலை பார்க்கும் ஆசை நம் கரைக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் வாடகை வேன்கள் மேற்கே கிளம்பிவிடும். தடை 61 நாள். ஆனால் படகு வேலை, வலை வேலை எல்லாம் போக, வீட்டோடு வெளியே போகக் கிடைப்பது ஒரு நாள்தான். அந்த ஒரு நாளை எந்த மலைப்பாதைக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

கொடைக்கானலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இ-பாஸ், கோடைக் கூட்டம் என்று பாதி நாள் வண்டி வரிசையிலேயே கழிந்துவிடும். நான் ஒப்பிடுவது தேனியைத் தாண்டி இருக்கும் மூன்று பாதைகளை. மூன்றுக்கும் தேனி வரை ஒரே வழி: பரமக்குடி, மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி. ராமநாதபுரத்திலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினால் காலைச் சாப்பாடு தேனியில். ஆண்டிபட்டிக் கணவாயில் இரண்டு பக்கமும் குன்றுகள் நெருங்கி வரும்போதே பிள்ளைகள் ஜன்னல் பக்கம் வந்துவிடுவார்கள்.

மேகமலையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு நாளுக்கு அது வேண்டாம். அழகில் மூன்றிலும் அதுதான் முதலிடம். சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் தேயிலைத் தோட்டங்களும் அணைகளுமாக விரியும். ஆனால் அது புலிகள் காப்பகக் காடு. அடிவாரச் சோதனைச்சாவடியில் நேரக் கட்டுப்பாடு உண்டு, இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு மேலே சேரவே மதியம் ஆகிவிடும். மேலே இருக்கும் ஹைவேவிஸ் ஊரில் காலடி வைத்த உடனே கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய பயணம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ராத்திரி தங்க முடிந்தால் மட்டும் போங்கள்.

போடிமெட்டு வேறு. கிழக்கே நம் தொண்டியில் கடலைத் தொடும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, மேற்கே கொச்சி வரை போகும் வழியில் இந்த மலையைத்தான் ஏறிக் கடக்கிறது. போடியைத் தாண்டி முந்தல் சோதனைச்சாவடி வந்ததும் ஏற்றம் தொடங்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறு பக்கம் பள்ளத்தாக்கு. பாதி மலை ஏறி, அகலமான இடம் பார்த்து நிறுத்திக் கீழே பாருங்கள். வந்த சாலை நூல் பிரிந்து கிடப்பதுபோலத் தெரியும், அதற்கும் கீழே போடியின் கண்மாய்களும் தோப்புகளும். கடல் மட்டத்தில் கிளம்பி 4,000 அடிக்கு மேல் ஏறியிருப்போம். காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகும். மேலே கேரள எல்லை, ஏலக்காய்த் தோட்டங்கள், தேநீர்க் கடை. இதற்கே ஒரு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். வண்டி ஓட்டும் சுகத்துக்கும் கண்ணுக்கும் சேர்த்து ஒரே நாளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முதல் முறை போகிறவர்களை இங்கேதான் அனுப்புவேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நாம் சமதரையில் ஓட்டிப் பழகியவர்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். உப்புக்காற்று தின்ற நம் வண்டிகளின் பிரேக் குழாய்களில் துரு இருக்கும், கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் காட்டாமல் மலைக்குப் போகாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். மாலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றி வரும் ஜீப்புகள் வேகமாக இறங்கும். நான்கு மணிக்கு முன் முந்தலுக்கு வந்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் கனமழை என்றால் பாறை உருளும், அப்போது இந்தப் பாதையே வேண்டாம்.

குமுளிப் பாதை சின்னது. கம்பம் தாண்டி லோயர் கேம்ப் வரை கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள், பிறகு சில கிலோமீட்டர் ஏற்றம், அவ்வளவுதான். ஓட்டுகிறவருக்குப் போடிமெட்டு தரும் விறுவிறுப்பு இங்கே இல்லை. குமுளிக் கடைத்தெருவும் நெரிசல். இருந்தும் நான் அதிகம் போனது இங்கேதான்.

காரணம் தண்ணீர். 1895-ல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு ராட்சதக் குழாய்களில் இறங்குகிறது. சாலையிலிருந்தே அந்தக் குழாய்கள் தெரியும். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்குக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. அவருக்கு நூறு ஆண்டு முன்பே, மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று ஆராய்ந்தவர் நம் ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்திருளப்ப பிள்ளை. செலவு தாங்காது என்று அப்போது கைவிடப்பட்டது. அந்தத் தண்ணீர் சுருளியாறு வழியாக வைகையில் சேர்ந்து, வரும் வழியெல்லாம் வயல்களுக்குப் பிரிந்து, மிச்சம் இருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வரும். அதற்கும் மிஞ்சினால் ஆற்றங்கரை என்ற ஊரில் கடல்.

போன முறை அத்தையைக் கூட்டிப் போயிருந்தேன். குழாய்களை நிமிர்ந்து பார்த்தபடி கேட்டார், "இந்தத் தண்ணியாப்பா நம்ம கம்மாய்க்கு வருது?"

"வந்தா இதுதான் அத்தை வரணும்" என்றேன்.

பிறகு ரொம்ப நேரம் அவர் வண்டியில் ஏறவே இல்லை.