பாரா டெ நவிதாத்ல வாடகை வீடு எடுக்கறவங்க கவனத்துக்கு

மெக்சிகோல, குவாதலஹாரால இருக்கற நம்மாளுங்க கடற்கரைன்னா நேரா புவேர்ட்டோ வயார்ட்டாவுக்குத்தான் வண்டியை விடுவாங்க. கூட்டம் வேண்டாம்னு நாங்க செப்டம்பர் கடைசியில பாரா டெ நவிதாத்ங்கற சின்னக் கடற்கரை ஊருக்குப் போனோம். அஞ்சு மணி நேரத்துக்கு மேல டிரைவிங். மழை, புழுக்கம், பாதி ஹோட்டல் பூட்டு. அதெல்லாம் தெரிஞ்சேதான் போனோம். அதுல குறை இல்ல.

வீட்டு ஓனர்தான் பிரச்சனை. வாடகை வீடு புக் பண்ற ஆப்ல ரெண்டு ராத்திரிக்கு 4,800 பேசோ. உடனே வாட்ஸப்புக்கு இழுத்து, "இப்ப சீசன் இல்ல, நேரா அனுப்பினா 3,600 போதும்"னு சொன்னார். நானும் ஆசைப்பட்டு, 18 இலக்க கணக்கு எண்ணை வாங்கி ஸ்பேய்ல, அதாவது இங்க பேங்க் விட்டு பேங்க் உடனே பணம் அனுப்பற முறையில, முழுசா அனுப்பிட்டேன். ஸ்பேய்ல போன காசு போனதுதான், கார்டு மாதிரி தகராறு போட்டுத் திரும்ப வாங்க முடியாது. இது தெரிஞ்சும் அனுப்பினேன் பாருங்க.

போட்டோல நீலமா இருந்த நீச்சல்குளம் நேர்ல பாசிக்குளம். சின்னவ கிட்டப் போனதும் படிக்கட்டுல உக்காந்திருந்த தவளை அவளை ஒரு பார்வை பார்த்துட்டு நிதானமா உள்ள குதிச்சது. ஏசி ஒண்ணுதான் ஓடுச்சு, அதுவும் தலைமாட்டுல சொட்டுச்சு. கட்டிலை நகர்த்தி, வாளி வெச்சுத் தூங்கினோம். ரிப்பேர் ஆள் எப்ப வருவார்னு கேட்டா "அஹொரீட்டா". நம்மூர் "இதோ கிளம்பிட்டேன்" இருக்கே, அதேதான். வரவே இல்ல.

சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் நல்லா போச்சு. 1971 புயல்ல கை ரெண்டும் சிலுவையிலேர்ந்து கழண்டு கீழ தொங்கிப்போன ஏசு சிலை இருக்கற சர்ச்சைப் பார்த்துட்டு, படகுல எதிர்க்கரை கொலிமீயாவுக்குப் போய் மீன் சாப்பிட்டோம். ஊர்க்காரங்க தங்கமானவங்க.

ஞாயிறு கிளம்பறப்பதான் கூத்து. வீட்டைப் பாத்துக்கற அம்மா மீட்டர் போட்டோவைக் காட்டி, கரண்டுக்கு 900 பேசோ, கேஷா குடுங்கன்னாங்க. ஒரு ஏசி, ரெண்டு ராத்திரி! எங்க வீட்டுக்கு ரெண்டு மாச பில்லே அவ்வளவு வராது. நாங்க வந்தன்னிக்கு எடுத்த ரீடிங் எங்கன்னு கேட்டேன், இல்ல. ஓனர் போனை எடுக்கல. கேட் ரிமோட் அந்த அம்மா கையில, எங்க வண்டி உள்ள. பாவம், அவங்களும் சம்பளத்துக்கு நிக்கறவங்க. குடுத்துட்டு வந்தேன், ரசீது கிடையாது.

ஆப்காரங்க, "வெளிய கட்டின பணத்துக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னுட்டாங்க. ப்ரொஃபெகோல, அதாவது இங்கத்த அரசு நுகர்வோர் அமைப்புல, புகார் குடுக்கலாம்னா என்கிட்ட இருக்கறது ஒரு வாட்ஸப் நம்பரும், பணம் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்டும்தான். அதுல இருக்கற பேரும் ஓனர் பேர் இல்ல.

நீங்க போறதா இருந்தா பணத்தை ஆப்லயே கட்டுங்க. குளத்தையும் ஏசியையும் அன்னிக்கே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. கரண்ட் தனியான்னு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கோங்க. நுழைஞ்சதும் மீட்டரை நீங்களே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

நேத்துப் பார்த்தேன், அந்த வீடு இன்னும் ஆப்ல இருக்கு. அதே நீலக் குளம், ஓரத்துல ரெண்டு மஞ்சள் நாற்காலி. நாற்காலி நிஜமாவே இருக்கு.