செய்தி மேசையிலிருந்து மீண்டும் மென்பொருளுக்கு: என்பிடெல் பைத்தான் பாடம் எவ்வளவு தூரம் உதவும்?

சென்னையில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, சேலத்துக்குத் திரும்பி நாளிதழ் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றிய நான், மறுபடியும் பழைய துறைக்கே செல்ல முடிவெடுத்ததும் முதலில் சேர்ந்தது என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும், பைத்தான் நிரல்மொழிக்கான எட்டு வாரப் பாடத்தில். நிரலாக்கம், தரவுகளை அடுக்கிவைக்கும் தரவுக் கட்டமைப்புகள், கணக்கைத் தீர்க்கும் படிமுறைகளான அல்காரிதம்கள் மூன்றையும் அது ஒன்றாகக் கற்பிக்கிறது. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய திட்டம் என்பதால் படிப்பதற்குக் கட்டணம் கிடையாது. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

இந்தப் பாடத்தின் பெரிய பலம் அதன் தொடக்கம். மொழியின் இலக்கணத்தை அடுக்காமல், இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடிக்கும் எளிய கணக்கை எடுத்துக்கொண்டு, அதே நிரலைப் பலமுறை திருத்தித் திருத்திச் செம்மையாக்கிக் காட்டுகிறார். 120, 84 என்ற எண்களை நானே போட்டுப் பார்த்தேன். 84இல் தொடங்கி ஒவ்வோர் எண்ணாக இறங்கிச் சோதித்தால் 73ஆவது சோதனையில்தான் 12 என்ற விடை கிடைக்கிறது; மீதியை வைத்து மீண்டும் மீண்டும் வகுக்கும் யூக்ளிட் முறையிலோ மூன்றே வகுத்தலில் கணக்கு முடிந்துவிடுகிறது. நீளமான செய்திப் பிரதியைப் பொருள் சிதையாமல் சுருக்கிப் பழகிய துணை ஆசிரியருக்கு இந்த அணுகுமுறை உடனே பிடிபடும். விட்டுப்போன சிந்தனைப் பழக்கத்தை மீட்டுத் தந்தது இந்தப் பகுதிதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் தளத்தில் தரும் பயிற்சிகளோடு நின்றுவிடக் கூடாது. நமக்குப் பழக்கமான தரவிலும் செய்து பார்க்க வேண்டும். சேலம் பதிப்பில் வேலை பார்த்தவர்களுக்கு மேட்டூர் அணை நிலவரம் அத்துப்படி. நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு என்று நாள்தோறும் எழுதியவர்கள் நாம். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டிஎம்சி என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அந்த விவரங்களை வரிக்கு ஒரு நாளாகக் கோப்பில் இட்டு, தேதியைச் சாவியாக வைத்து, சாவியைக் கொடுத்தால் அதற்குரிய விவரத்தைத் தரும் பைத்தான் டிக்‌ஷனரியில் ஏற்றினேன். டெல்டா பாசனத்துக்கு அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 அன்று ஆண்டுதோறும் நீர்மட்டம் எவ்வளவு இருந்தது என்பதைச் சில வரி நிரலிலேயே எடுக்க முடிந்தது. ஒரு நாளின் நீர்வரத்துக்கு நேரே எண்ணுக்குப் பதிலாக வெறும் கோடு இருந்ததால் நிரல் 'வேல்யூ எரர்' என்று நின்றுபோனது. அத்தகைய பிழைகளைக் கையாளும் ட்ரை, எக்செப்ட் முறை ஐந்தாம் வாரத்தில் வருகிறது.

இறுதிப் பகுதியில், சிறு கணக்குகளின் விடைகளைச் சேமித்துவைத்துப் பெரிய கணக்கைத் தீர்க்கும் டைனமிக் புரோகிராமிங் வருகிறது. இரண்டு சரங்களுக்கும் (எழுத்துகளின் தொடர்களுக்கும்) பொதுவாக, அதே வரிசையில் அமைந்த எழுத்துகளின் மிக நீண்ட தொடரைக் கண்டறியும் கணக்கை அங்கே விளக்குகிறார். செய்தியாளர் அனுப்பிய வடிவத்தையும் அச்சுக்குப் போன வடிவத்தையும் ஒப்பிட்டு எங்கே மாறியது என்று காட்டும் கருவிகளுக்கு அடிப்படையே இதுதான் என்பதால், என் பழைய தொழிலும் புதிய தொழிலும் சந்திக்கும் இடமாகவே அதைக் கண்டேன். அந்த விரிவுரையை நிதானமாகத் திரும்பப் பார்ப்பது நல்லது.

குறைகளும் உண்டு. நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட், தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் எஸ்கியூஎல், இணையச் செயலி உருவாக்கம் ஆகியவை பாடத்தில் இல்லை. நேர்காணலில் இவற்றைக் கேட்காமல் விடமாட்டார்கள். தமிழ் உரையைக் கையாள நினைப்பவர்கள், எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூனிகோடைத் தனியாகக் கற்க வேண்டும்: 'சேலம்' என்பதன் நீளத்தைக் கேட்டால், நம் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து என்றாலும், பைத்தான் 5 என்றே விடை சொல்லும். இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு வாராந்திர அசைன்மென்ட் கெடு கடினமாக இருக்கும். பதிப்பு முடித்து நள்ளிரவில் வீடு திரும்புபவர் விடுமுறை நாளை இதற்கென்றே ஒதுக்கிவைக்க வேண்டும்.

ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகம், கருப்பூர் பக்கம் 2024இல் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்கா என்று ஊரிலேயே வாய்ப்புகள் உருவாகும்போது, சான்றிதழ் ஒன்றை மட்டும் நம்பி விண்ணப்பிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுயவிவரத்தில் இடைவெளியாகத் தெரியும் இதழியல் ஆண்டுகளுக்குப் பக்கத்தில், நாமே எழுதிய நிரல் ஒன்றும் இருக்க வேண்டும். முன்பு நிரல் எழுதிப் பிறகு அதைக் கைவிட்டவர்கள் தயங்காமல் இந்தப் பாடத்தில் தொடங்கலாம். இதுவரை ஒரு வரிகூட எழுதாதவர்களுக்கு மூன்றாம் வாரத்திலிருந்தே வேகம் அதிகமாகத் தோன்றும் என்பதால், அவர்கள் பைத்தான் அடிப்படையை வேறெங்காவது பழகிக்கொண்டு வருவது நல்லது.