ஐந்து வருடமாக ஆடும் கடைசல் சதுரங்கக் காய்கள்

2020 கொரோனா காலத்தில் சின்ன மேசை லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றில் நானே கடைந்த காய்கள் இவை. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாளாவது மகளும் நானும் இவற்றில்தான் ஆடுகிறோம். கடையும்போது என் கவலையெல்லாம் உருவத்தின் மேல் இருந்தது. ஐந்து வருடம் ஆடிய பிறகு சொல்கிறேன், காயின் ஆயுள் அதன் அடியில்தான் இருக்கிறது.

வெள்ளைக்கு வெட்பாலை. கர்நாடகத்தின் சன்னபட்டணாவில் பொம்மை கடைவது இந்த மரத்தில்தான். உளிக்கு நன்றாகப் பணியும், சிலும்பாது. கறுப்புக்கு, தாத்தா வீட்டு ஈட்டி மரக் கட்டிலின் உடைந்த கால்கள். (ஈட்டித் தூள் சிலருக்கு மூச்சையும் தோலையும் படுத்தும், முகக்கவசம் இல்லாமல் கடையாதீர்கள்.) வடிவம் 1849-இல் இங்கிலாந்தில் பதிவான ஸ்டான்டன், போட்டிகளில் வழக்கமாகப் பார்க்கும் அதே வடிவம்தான். ராஜா 95 மி.மீ., சிப்பாய் 50 மி.மீ. என்ற ஃபிடே (சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பு) உயரத்தையே வைத்துக்கொண்டேன்.

பதினாறு சிப்பாயையும் ஒன்றுபோலக் கடைய, அட்டைத் துண்டில் கழுத்து, வளையம், அடி எல்லாவற்றுக்கும் கோடு போட்டு ஒவ்வொரு கட்டையிலும் வைத்துக் குறித்தேன். பருமன் அரை மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் பலகையில் தெரிவதில்லை. உயரம் மாறினால் உடனே தெரியும். குதிரைகளுக்கு அடியை மட்டும் கடைந்து, தலையைக் கையால் செதுக்கி ஒட்டினேன். அந்த நான்கு தலைக்கு ஆன நேரம் மற்ற 28 காய்களுக்கும் ஆன நேரத்துக்குச் சமம்.

இரண்டாம் வருடக் கோடையில் வெள்ளை யானை ஒன்றும் சிப்பாய் மூன்றும் அடியில் வெடித்துவிட்டன. பார்த்தபோது மனசே விட்டுப்போனது. கனத்துக்காக அடியில் துளை போட்டு இரும்பு நட்டை இறுக்கமாக அடித்து இறக்கியிருந்தேன். மரம் காயக் காயச் சுருங்கும், இரும்பு சுருங்காது. பிறகு எது விட்டுக்கொடுக்கும்? ஈட்டிக் காய்களில் ஒன்றுகூட வெடிக்கவில்லை, அது பல தலைமுறை காய்ந்த மரம். வெட்பாலையை நான் வாங்கி நான்கு மாதம்தான் வைத்திருந்தேன். வெடிக்காத வெள்ளைக் காய்களின் அடியும் லேசாக முட்டை வடிவமாகிவிட்டது. மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வெடித்த நான்கையும் ஒரு வருடம் காய்ந்த கட்டையில் மறுபடி கடைந்தேன். துளையை நட்டை விட 2 மி.மீ. பெரிதாக்கி, இடைவெளியில் சிலிகான் பசை வைத்தேன். அப்புறம் வெடிப்பே இல்லை.

வெள்ளைக்கு அரக்கு. காய் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் உருகிப் படியும், தாழை ஓலையால் தேய்த்தால் பளபளக்கும். அந்தப் பளபளப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் கிருமிநாசினி தடவிய கையோடு தொட்ட ராஜாவில் விரல் தடம் விழுந்தது, ஏனென்றால் அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஈட்டிக்குத் தேன்மெழுகு மட்டும். வருடத்துக்கு ஒருமுறை தேய்த்தால் போதும்.

சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியானால் வைக்க இன்னொரு ராணி வேண்டும் என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். போன மாதம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ராணி கடைந்தேன். கறுப்பு ராணி அதே கட்டில் காலின் மிச்சம், வித்தியாசமே தெரியவில்லை. பழைய வெட்பாலைக் காய்கள் மோர் நிறத்திலிருந்து சந்தன நிறத்துக்கு வந்துவிட்டதால், புது வெள்ளை ராணி மட்டும் தனியாகத் தெரிகிறாள். ஜன்னலோரம் வெயில் படும்படி வைத்திருக்கிறேன்.