பிளாண்டியா, மன்னியா: யார் நல்லவன்?

இரண்டுமே ஹாலிவுட் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் கௌபாய் படங்களில் நடித்த பாத்திரங்கள்தான். ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966) படத்தில் பிளாண்டிக்கு ‘நல்லவன்’ என்றே பட்டம், ஆனால் கூட்டாளி டூக்கோவைப் பிடித்துக் கொடுத்துப் பரிசுப்பணம் வாங்கி, தூக்குக்கயிற்றைச் சுட்டு அறுத்துக் காப்பாற்றி, பிறகு பாலைவனத்தில் தவிக்க விட்டுப் போகிறவன் அவன்.

‘அன்ஃபர்கிவன்’ (1992) மன்னி பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொன்றவன், இப்போது இரண்டு பிள்ளைகளோடு பன்றி வளர்க்கிறான், ஆயிரம் டாலருக்காக மறுபடியும் துப்பாக்கி எடுக்கிறான்.

எனக்கு முக்கியம் இரண்டு சாவுகள். சாகக் கிடக்கும் சிப்பாய்ப் பையனுக்குத் தன் கோட்டைப் போர்த்தி, சுருட்டை ஓர் இழுப்பு இழுக்கக் கொடுக்கிறான் பிளாண்டி. யாரும் கேட்கவில்லை, அதில் லாபமும் இல்லை. மன்னியோ தான் சுட்ட பையன் தண்ணீர் கேட்டுக் கதறும்போது, சுடமாட்டோம், அவனுக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று கத்துகிறான். இரக்கம்தான், சரி, ஆனால் குண்டு அவனுடையது. அப்புறம் நண்பன் நெட்டின் பிணத்தைக் காட்சிக்கு வைத்த சாராயக்கடைக்காரனை, கையில் ஆயுதமே இல்லாதபோது சுட்டுத் தள்ளுகிறான்.

என் கணக்கில் பிளாண்டி சுயநலக்காரன், கொடியவன் இல்லை. மன்னி கெட்டவன்தான், ஆனால் தான் செய்தது என்னவென்று தெரிந்தவன். மனதை விட்டுப் போகாதவனும் அவன்தான்.