பேஸ் குறைந்தால் டாக்கைத் திட்டாதீங்க, 104-ஐத் தேடுங்க

பிசிஎம்5102ஏ டாக் போர்டை (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றுவது), டிடிஏ2030 சிப் போட்ட அசெம்பிள் ஆம்பிளிஃபயரோடு திருநெல்வேலி வெயிலில் ரெண்டு கோடை ஓட்டிய பிறகு எழுதுவது. பேஸ், அதாவது கனத்த கீழ்ச்சுர ஒலி வரலைன்னா டாக்கை மாற்றுவது கடைசி வேலை.

இந்த டாக் சிப்புக்கு அவுட்புட்டில், டிசியைத் தடுக்கும் கப்ளிங் கபாசிட்டரே வேண்டாம். கிரவுண்டை நடுவாக வைத்து 2.1 வோல்ட் தருகிறது. 50, 100, 200 ஹெர்ட்ஸ் டோன்களை ஒரே அளவில் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து டாக் அவுட்புட்டைப் பாருங்கள். மூன்றும் ஒன்றுபோல வந்தால் அது குற்றவாளி இல்லை.

அடுத்து ஸ்பீக்கர் ஒயர். ஆம்பிளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றி, பிளஸ்ஸுக்கு பிளஸ்ஸாக 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் ரெண்டு கோனும் வெளியேதான் தள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. பாதி பேஸ் அங்கேயே செத்துவிடும்.

பெரிய திருடன் ஆம்பிளிஃபயர் போர்டில் இருக்கிறான். இன்புட்டில் 1 மைக்ரோ ஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில், மலிவு போர்டுகளில் 104 என்று அச்சிட்ட செராமிக் உட்கார்ந்திருக்கும். அது 0.1 மைக்ரோ ஃபாரட். 22 கிலோ ஓமோடு சேர்ந்தால் 72 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும், அதற்குக் கீழே இன்னும் சரிவு. 225 என்று அச்சிட்ட 2.2 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கபாசிட்டர் போட்டால் அந்த எல்லை 3.3 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

பலர் இதோடு நிறுத்திவிட்டு "ஒண்ணும் மாறலையே" என்கிறார்கள். ஃபீட்பேக்கில் 680 ஓமோடு தொடராக நிற்கும் கபாசிட்டரையும் பார்க்கணும். அங்கே 22-க்குப் பதில் 2.2 மைக்ரோ ஃபாரட் இருந்தால் 106 ஹெர்ட்ஸிலேயே சரிவு தொடங்கிவிடும். 47 மைக்ரோ ஃபாரட், 105 டிகிரி ரகம் போடுங்கள். ஹீட்சிங்க்கை ஒட்டி 85 டிகிரி ரகம் வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆசைப்பட்டு 470 போட்டால் ஆன் செய்யும்போது கோன் 'டப்' என்று குதிக்கும். சால்டரிங்குக்கு முன் பவரை அணைத்து, பில்டர் கபாசிட்டரை 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் வடித்துவிடுங்கள்.

மாற்றத்தைச் சோதிக்க சினிமாப் பாட்டைவிட வில்லுப்பாட்டு ரெக்கார்டிங் நல்லது. குடத்தில் அடி விழுந்ததும் முதலில் வெறும் 'டக்'தான் கேட்கும். கபாசிட்டர் மாற்றிய பின் அதற்குப் பின்னால் 'தும்ம்ம்' என்று ஒரு வால் நீளும். தவிலில் தொப்பியை, அதாவது கனத்த ஒலி தரும் பக்கத்தைக் கவனியுங்கள். மறுபக்கமான வலந்தலை எப்படியும் கேட்கும்.

இதற்குப் பிறகும் குறைந்தால் வீடுதான் காரணம். 10 அடி அகலப் பட்டாசலில் (ஹாலில்) 57 ஹெர்ட்ஸ் சுவருக்குச் சுவர் நிற்கும். அகலத்துக்கு நட்ட நடுவே உட்கார்ந்தால் அது காதில் விழாது. நாற்காலியை ஒரு சுவர்ப்பக்கம் ரெண்டடி நகர்த்திப் பாருங்கள், செலவு சுழியம். பத்தமடைப் பாய் விரித்தால் தரை அழகாகும், பேஸுக்கு ஒன்றும் ஆகாது. மூலையில் கும்மென்று அடைத்தால் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தலாம்; கொஞ்சம்தான் குறையும்.

'ம்ம்' என்ற இரைச்சலைப் பேஸ் என்று நினைத்துவிடவும் கூடாது. 50 ஹெர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் கிரவுண்ட் லூப், கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கினால் நிற்கிறதா பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் என்றால் பவர் சப்ளையின் பில்டர் கபாசிட்டர் தளர்ந்திருக்கும்.