முதுகுக்கு முதுகா, முகத்துக்கு முகமா?

லாம்டா, 186 இரண்டுமே ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள். செல்லை உடைத்துக்கொண்டு வெளியேறுவதா, அதன் டி.என்.ஏ-வுக்குள் பதுங்கிக்கொள்வதா என்ற முடிவு, இரண்டிலும் பக்கத்துப் பக்கத்து புரோமோட்டர்கள் (மரபணுவைப் படிக்கத் தொடங்கும் டி.என்.ஏ இடங்கள்) இரண்டின் கையில்தான். திசைதான் வேறு.

லாம்டாவில் அவை முதுகைக் காட்டி நிற்கின்றன. தொடக்கப் புள்ளிகளுக்கு இடையே 82 கார இணைகள், அதாவது டி.என்.ஏ எழுத்து ஜோடிகள். டி.என்.ஏ-வைப் படித்து ஆர்.என்.ஏ எழுதும் பாலிமரேஸ் நொதிகள் ஆளுக்கொரு பக்கம் ஓடுவதால் நேருக்கு நேர் மோதல் இல்லை. பதுங்கும் கட்சியின் சிஐ புரதம் நடுவில் உட்கார்ந்து உடைக்கும் கட்சியின் பிஆர் புரோமோட்டரை அடைக்கிறது, தன்னையே உருவாக்கும் பிஆர்எம் புரோமோட்டர் பக்கம் இருக்கும் பாலிமரேஸை உந்திவிடுகிறது. பாடப்புத்தகங்களின் செல்லப்பிள்ளை இதுதான்.

எனக்கு 186-தான் சுவாரஸ்யம். இங்கே இரண்டும் எதிரும் புதிருமாக, வெறும் 62 இணை இடைவெளியில். உடைக்கும் கட்சியின் பிஆர் பலசாலி, பதுங்கும் கட்சியின் பிஎல் நோஞ்சான். பிஎல் மேல் ஏறிய பாலிமரேஸ் கிளம்பத் தயங்கும். ஸ்டாண்டிலேயே உறுமிக்கொண்டு நிற்கும் பஸ் மாதிரி. அதற்குள் பிஆரிலிருந்து வரும் பாலிமரேஸ் அதை அடித்துத் தள்ளிவிடுகிறது. இதில் பிஎல்-இன் வேகம் ஐந்தரை மடங்குக்கும் மேல் குறைவதை அடிலெய்டு ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள். தடுக்க தனிப் புரதமே வேண்டாம், ஓட்டமே தடை! சீக்கிரம் கிளம்பும் புரோமோட்டராக இருந்தால் இவ்வளவு அடி விழாது.

186-இன் சிஐ உருவாவது அந்த நோஞ்சான் பிஎல்-லிலிருந்துதான். சிஐ பிஆரை அடைத்ததும் எதிர்வண்டி நின்றுவிடும், பிஎல் தானாகத் தலையெடுக்கும். லாம்டா தொட்டு உந்திச் செய்வதை இது தொடாமலே முடித்துவிடுகிறது.