பிரிக்பீல்ட்ஸில் ஒரு பைண்டிங் கடை

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் எங்கள் சபை தாங்கும் கிராமப் போதகர்களுக்கு அறுபது பாடப்புத்தகங்கள் தேவைப்பட்டன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய சந்துக் கடையில் கட்டக் கொடுத்தேன். அந்தப் போதகர்கள் சோளக்காட்டில் பாடுபட்டுக்கொண்டே படிப்பவர்கள். இறையியல் கல்லூரியில் போய்த் தங்க வழியில்லை. 1963-இல் குவாத்தமாலாவில் தொடங்கிய முறை இது: மாணவர் ஊரிலேயே பாடத்தைப் படிப்பார், ஆசிரியர் தேடி வந்து சந்திப்பார். புத்தகம் பிரிந்துபோனால் படிப்பே நின்றுவிடும்.

நான் சுருள்கம்பிதான் கேட்டேன். கடைக்கார அண்ணன், "சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார்களா, டீச்சர்? கம்பி நசுங்கிவிடும்" என்று சொல்லி நூலால் தைத்தார். மெழுகு தடவிய நூல். நடுப்பக்கத்தை விரித்து அழுத்தினாலும் ஒரு தாள் அசையவில்லை. பாடம் இருப்பது மலாவியின் சிச்சேவா மொழியில். அதில் டபிள்யூ எழுத்தின் தலையில் சிறு கூரைபோல ஒரு குறி வரும். நகலில் அது மங்கியிருந்ததை மூலத்தோடு ஒப்பிட்டு அவரே கண்டுபிடித்தார். மொழி தெரியாத மனிதர்! மனம் நெகிழ்ந்துவிட்டது.

இரண்டு நாள் தாமதம், தொலைபேசியையும் எடுக்கவில்லை. அது எனக்கு வருத்தம்தான். கம்பியைவிடப் புத்தகத்துக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடுதல், தாராளமாகக் கொடுக்கலாம். அடுத்த தொகுதிப் புத்தகங்களையும் அங்கேயே கொடுத்திருக்கிறேன். நவம்பரில் மலாவியில் மழை பிடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும்.